கிளாக் ஜெனரேட்டர் போர்டு: அலை வரவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

புதிய கிளாக் ஜெனரேட்டர் (மற்றச் சுற்றுகளுக்குக் கால அலை தரும் சிப்) இவாலுவேஷன் போர்டு, அதாவது சிப்பைச் சோதித்துப் பார்க்கும் போர்டு, மேசைக்கு வந்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். யூஎஸ்பி கேபிளைச் செருகி, மென்பொருளில் 100 மெகாஹெர்ட்ஸ் என்று அடித்து, வெளியீட்டில் புரோபை (ஸ்கோப்பின் அளவு முனை) வைப்போம். அலை வந்தால் சரி. வராவிட்டால் சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டத் தோன்றும். என் அனுபவத்தில் சிப் உண்மையிலேயே செத்திருந்தது மிக அபூர்வம். குற்றவாளி பெரும்பாலும் ஒரு ஜம்பர், அல்லது மென்பொருளுக்கு நாம் கொடுத்த தவறான தகவல், அல்லது கையில் பிடித்திருக்கும் புரோப்.

அதனால் கீழே உள்ளதை ஏறக்குறையச் சிக்னல் போகும் பாதையிலேயே எழுதியிருக்கிறேன்: மின்சாரம், பேச்சு (கணினியும் சிப்பும் தரவு பரிமாறுவது), கிரிஸ்டல் (சீராக அதிரும் குவார்ட்ஸ் துண்டு), பிஎல்எல் (அந்த அதிர்வைப் பெருக்கி உயர் அதிர்வெண் தரும் பகுதி), வெளியீடு, அளவீடு. உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ரெஜிஸ்டர் (சிப்புக்குள் அமைப்புகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட இடம்) எண் சொல்ல வேண்டிய இடங்களில் எஸ்ஐ5351ஏ சிப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். விலை குறைவு, பலரிடம் இருக்கும், பெரிய சிப்புகளில் நடக்கும் கூத்தெல்லாம் இதிலும் சிறிய அளவில் நடக்கும்.

போர்டு கணினிக்கே தெரியவில்லை

முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. போர்டில் எல்இடி எரியும், கணினியில் ஒன்றும் வராது. எல்இடி எரிகிறதே என்று நம்பி டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாதனப் பட்டியலில் போர்டு தெரிகிறது, ஆனால் அமைப்பு மென்பொருள் மட்டும் ‘போர்டு இல்லை’ என்கிறது என்றால், வேறு ஏதோ ஒரு நிரல் அந்தப் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம். சீரியல் டெர்மினலை மூடுங்கள். மூடிய மென்பொருள் பின்னணியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

தெரிகிறது, கொஞ்ச நேரத்தில் காணாமல் போகிறது, மறுபடி வருகிறது என்றால் மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லிஆம்பியர் வரைதான். பத்துப் பன்னிரண்டு வெளியீடுகளையும் ஒன்றாக ஓடவிட்டால் பெரிய சிப் அதைத் தாண்டிவிடும். ஹப்பைத் தவிர்த்து நேராகச் செருகிப் பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் வெளி மின்வழங்கிக்கு மாறுங்கள். மாறும்போது யூஎஸ்பி மின்சாரத்தைத் தேர்ந்தெடுக்கும் ஜம்பரைக் கழற்ற மறக்க வேண்டாம். இரண்டு மின்வழங்கிகளும் ஒரே தடத்தில் மோதிக்கொள்வது நல்லதல்ல.

கணினிக்குத் தெரிகிறது, சிப் பதில் சொல்லவில்லை

மல்டிமீட்டரை எடுத்து, சிப்பின் காலுக்குப் பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டரில் வோல்ட் பாருங்கள். மின்வழங்கியின் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். நடுவில் ஜம்பர் இருக்கிறது, ஃபெரைட் பீட் இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது. கோர் (சிப்பின் உள்பகுதி) மின்சாரம், ஐஓ (உள்ளீடு-வெளியீட்டுக் கால்கள்) மின்சாரம் இரண்டும் வேண்டும்.

அடுத்து எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகள்: ஐ2சி என்ற இரு கம்பிப் பேச்சு முறையின் தரவுக் கம்பியும் துடிப்புக் கம்பியும். யாரும் பேசாதபோது இரண்டும் மேலே, ஐஓ மின்னழுத்தத்துக்கு அருகில் நிற்க வேண்டும். இரண்டும் பாதியில் மிதந்தால் கம்பியை மேலே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் இல்லை, அல்லது அதன் ஜம்பர் போடப்படவில்லை. எஸ்டிஏ மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தால், பேச்சின் நடுவே கட்டுப்படுத்தி ரீசெட் ஆகியிருக்கும். சிப் பாதி பைட்டோடு காத்திருக்கிறது. எஸ்சிஎல்லில் 9 துடிப்புகள் கொடுத்தால் விட்டுவிடும். போர்டின் மின்சாரத்தை அணைத்துப் போடுவதும் அதே வேலையைச் செய்யும்.

கம்பிகள் சரியாக இருந்தும் பதில் இல்லையா? முகவரியைப் பாருங்கள். எஸ்ஐ5351ஏ-வின் 7 பிட் முகவரி ஹெக்ஸ் 60. எழுது-படி பிட்டையும் சேர்த்து 8 பிட்டாக எழுதுகிறவர்கள் அதையே ஹெக்ஸ் சி0 என்பார்கள். உங்கள் நூலகம் 7 பிட்டை எதிர்பார்க்கும்போது சி0 கொடுத்தால் அந்த வீட்டில் ஆளே இல்லை. ஐ2சி ஸ்கேன் ஒன்றை ஓட்டிவிட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சில சிப்புகளில் ஐ2சி, எஸ்பிஐ என்ற இரண்டு பேச்சு முறைகளும் உண்டு. எது என்பதை ஒரு காலின் நிலை சொல்லும். அந்தக் காலைச் சிப் மின்சாரம் ஏறும்போது மட்டும் படிப்பதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஜம்பரை மாற்றிப் பயனில்லை. அணைத்துப் போடுங்கள்.

போர்டில் இருக்கும் கட்டுப்படுத்தியை விட்டுவிட்டு உங்கள் சொந்த மைக்ரோகன்ட்ரோலரை இணைக்கிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். போர்டின் கட்டுப்படுத்தியைப் பஸ்ஸிலிருந்து பிரிக்கும் ஜம்பரைக் கழற்றுங்கள். அப்புறம் இரண்டு போர்டுக்கும் தரைக் கம்பி ஒன்று போடுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எல்லாரும் ஒருமுறையாவது மறந்ததும்கூட.

எழுதியது ஏறுகிறது, வெளியீட்டில் மட்டும் ஒன்றுமில்லை

இதுதான் மிக அதிகமாக வரும் புகார். ரெஜிஸ்டரை எழுதினால் ஏறுகிறது, திரும்பப் படித்தால் அதே எண் வருகிறது, ஆனால் எஸ்எம்ஏ முனையில் (கேபிளைத் திருகும் சிறு இணைப்பு) அமைதி.

முதல் சந்தேகம் வெளியீட்டு மின்சாரத்தின் மேல். பெரும்பாலான கிளாக் சிப்புகளில் கோருக்கு ஒரு மின்சாரம், வெளியீட்டுத் தொகுதிகளுக்குத் தனித்தனி மின்சாரம். 3.3, 2.5, 1.8 வோல்ட் என்று விருப்பப்படி வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பிரிவு. அதனால் விடிடிஓ (வெளியீட்டு மின்சாரம்) ஜம்பர் காலியாக இருந்தாலும் சிப் நன்றாகப் பேசும். வெளியீடு மட்டும் இறந்து கிடக்கும். ஒவ்வொரு விடிடிஓ காலிலும் வோல்ட் பாருங்கள்.

இரண்டாவது, ஆன்-ஆஃப் தர்க்கம் தலைகீழாக இருப்பது. எஸ்ஐ5351ஏ-வில் ரெஜிஸ்டர் 3-இல் ஒரு பிட் 0 என்றால் அந்த வெளியீடு இயங்கும், 1 என்றால் அணையும். ‘எல்லாவற்றையும் இயக்கு’ என்று நினைத்து 255 எழுதினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டீர்கள். இது போதாதென்று ரெஜிஸ்டர் 16 முதல் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கட்டுப்பாடு. அதில் மேல் பிட் 1 என்றால் அந்த வெளியீட்டுத் தொகுதி தூங்குகிறது. இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். தனியாக வெளியீட்டு அனுமதிக் கால் உள்ள சிப்புகளில் மூன்றாவது கதவும் உண்டு. சர்க்யூட் படத்தில் அந்தப் பெயருக்கு மேலே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு இருந்தால் தாழ்ந்த நிலையில்தான் இயங்கும்.

மூன்றாவது, போர்டிலேயே பாகம் பொருத்தாமல் விட்டிருப்பது. ஒரே போர்டு பல வகைச் சிப்புக்கும் பல வகை வெளியீட்டுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் சில ரெசிஸ்டர் இடங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். சர்க்யூட் படத்தில் ‘பொருத்தாதே’ என்ற குறியீட்டைத் தேடுங்கள். உங்கள் எஸ்எம்ஏ முனைக்கும் சிப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய 0 ஓம் ரெசிஸ்டர் அந்தப் பட்டியலில் இருந்தால், சிப்பின் காலில் அலை இருக்கும், முனையில் இருக்காது.

நான்காவது, வெளியீட்டு வகைக்கு ஏற்ற சுமை இல்லாதது. எல்விபிஈசிஎல் வகை வேக வெளியீடு தானாகக் கீழே இறங்காது. தரைக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்னோட்டம் ஓடினால்தான் அது வேலை செய்யும். 3.3 வோல்ட்டில் ஒவ்வொரு காலுக்கும் 150 ஓம் அளவில் போடுவது வழக்கம். அது இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாக மட்டும் இணைத்தால் ஒன்றும் வராது, அல்லது அலை போல ஏதோ ஒன்று நெளியும். ஹெச்சிஎஸ்எல் என்ற இன்னொரு வகையும் அப்படியே. அது மின்னோட்டத்தைத் தள்ளும். அது இறங்கிப்போக ஒவ்வொரு காலிலிருந்தும் தரைக்கு 50 ஓம் வேண்டும்.

இந்த நான்கிலும் பிடிபடவில்லை என்றால் அடுத்த பகுதி.

பிஎல்எல் லாக் ஆகவில்லை

அலையைப் பார்க்கும் முன் நிலை ரெஜிஸ்டரைப் படிக்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எஸ்ஐ5351ஏ-வில் ரெஜிஸ்டர் 0: பிட் 7 உயர்ந்திருந்தால் சிப் இன்னும் தன்னைத் தயார்செய்துகொண்டிருக்கிறது, பிட் 5 உயர்ந்திருந்தால் பிஎல்எல் ஏ லாக் ஆகவில்லை (சொன்ன அதிர்வெண்ணில் நிலைக்கவில்லை), பிட் 6 பிஎல்எல் பி-க்கு.

இங்கே ஒரு பொறி உண்டு. பல சிப்புகளில் நிலைக் கொடி இரண்டு வகை. ஒன்று இந்தக் கணத்தின் நிலை. இன்னொன்று ஒருமுறை உயர்ந்தால் நாமாக அழிக்கும்வரை அப்படியே நிற்கும். எஸ்ஐ5351ஏ-வில் அது ரெஜிஸ்டர் 1. மின்சாரம் ஏறும்போது எந்தப் பிஎல்எல்லும் கொஞ்ச நேரம் லாக் இல்லாமல்தான் இருக்கும், அந்தத் தடம் அங்கே பதிந்துவிடும். அதைப் படித்துவிட்டு லாக் போய்விட்டது என்று பதற வேண்டாம். அழித்துவிட்டு மறுபடி படியுங்கள். மறுபடியும் உயர்ந்தால்தான் பிரச்சினை.

உண்மையிலேயே லாக் இல்லை என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஸ்ஐ5351ஏ-வின் விசிஓ (பிஎல்எல்லுக்குள் அலையை உண்டாக்கும் பகுதி) 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓட வேண்டியது. 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு 24 முதல் 36 மடங்கு வரைதான் இடம். 40 மடங்கு எழுதினாலும் ரெஜிஸ்டர் ஏற்றுக்கொள்ளும். ரெஜிஸ்டருக்குக் கணக்குத் தெரியாது. எண்களை எழுதியபின் ரெஜிஸ்டர் 177 வழியாகப் பிஎல்எல்லை ரீசெட் செய்தீர்களா என்பதையும் பாருங்கள்.

கணக்குச் சரி என்றால் கிரிஸ்டல் ஓடுகிறதா என்ற கேள்வி. அதற்காகக் கிரிஸ்டலின் காலில் புரோபை வைக்க வேண்டாம். 10 மடங்குப் புரோபின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 10 பைக்கோஃபாரட். கிரிஸ்டலின் சுமையே அந்த அளவுதான். ஓடிக்கொண்டிருந்தது நின்றுபோகும், அல்லது வேறு அதிர்வெண்ணுக்கு நகரும். பிஎல்எல்லைத் தாண்டி, கிரிஸ்டல் அலையை அப்படியே ஒரு வெளியீட்டுக்கு அனுப்பும் வசதி எஸ்ஐ5351ஏ-வில் இருக்கிறது. மற்றச் சிப்புகளிலும் தேடிப் பாருங்கள். அதை இயக்கி வெளியீட்டில் பாருங்கள்.

வெளிக் கிளாக்கைக் கொடுக்கிறீர்கள் என்றால், கிரிஸ்டலைப் பிரித்து எஸ்எம்ஏ முனையை இணைக்கும் ரெசிஸ்டர்கள் இடம் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மென்பொருளில் உள்ளீட்டை மாற்றினால் சால்டர் மாறாது.

அதிர்வெண் வருகிறது, ஆனால் விகிதம் தவறு

எனக்கு மிகப் பிடித்த அறிகுறி இது. ஏனென்றால் விகிதமே விடையைச் சொல்லிவிடும்.

ஒருமுறை 10 மெகாஹெர்ட்ஸ் கேட்டேன், 10.8 வந்தது. கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்: 25 × 32 = 800, அதை 80-ஆல் வகுத்தால் 10. எல்லாம் சரி. அரை நாள் போனபின் 10.8-ஐ 10-ஆல் வகுத்துப் பார்க்கத் தோன்றியது: 1.08. அது 27-ஐ 25-ஆல் வகுத்தால் வரும் எண். கிரிஸ்டலை உருப்பெருக்கியில் பார்த்தால் 27 என்று அச்சடித்திருந்தது. விசிஓ 864-இல் ஓடிக்கொண்டிருந்தது, எல்லைக்குள்தான். அதனால் லாக் கொடியும் புகார் சொல்லவில்லை. அதே போர்டில் 36 மடங்கு வைத்திருந்தால் விசிஓ 972-க்குப் போக வேண்டியிருந்திருக்கும். அப்போது ‘லாக் ஆகவில்லை’ என்று வேறு முகத்தோடு வந்திருக்கும். பிழை ஒன்றுதான், அறிகுறி இரண்டு.

ஆகவே, வந்ததைக் கேட்டதால் வகுத்துப் பாருங்கள். சரியாகப் பாதி, கால், எட்டில் ஒன்று என்றால் வெளியீட்டில் இருக்கும் கூடுதல் வகுப்பான் இயங்குகிறது. சரியாக இரண்டு மடங்கு என்றால் முதலில் கவுண்டரை (அதிர்வெண்ணை எண்ணும் கருவி) சந்தேகியுங்கள். விளிம்பில் அலை அதிர்ந்து ஆடினால் ஒரே சுழற்சியில் கவுண்டர் இரண்டு முறை எண்ணிவிடும். டிரிகர் அளவை மாற்றினால் எண்ணும் மாறுகிறதா என்று பாருங்கள்.

100 கேட்டு 99.75 வந்தால்? அது கால் சதவீதக் குறைவு. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் இயங்குகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் கிளாக்குகளில் அதிர்வெண்ணை 0 முதல் அரை சதவீதம் வரை கீழ்நோக்கி, நொடிக்கு 30,000 முதல் 33,000 முறை ஆட்டுவார்கள். சராசரி கால் சதவீதம் கீழே வந்து நிற்கும். மின்காந்தக் கதிர்வீச்சு ஒரே இடத்தில் குவியாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். ஸ்கோப்பில் (ஆஸிலோஸ்கோப்) பெரிய ஜிட்டர் (அலை விளிம்புகளின் நேரத் தடுமாற்றம்) போலத் தெரிந்து பயமுறுத்துவதும் பல நேரம் இதுதான்.

பத்து லட்சத்தில் சில பங்கு விலகல்

100 மெகாஹெர்ட்ஸில் 5 கிலோஹெர்ட்ஸ் விலகல் என்றால் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு). முதலில் உங்கள் கவுண்டர் எந்த ஆதாரத்தை வைத்து எண்ணுகிறது என்று கேளுங்கள். மலிவான கவுண்டருக்குள்ளும் ஒரு கிரிஸ்டல்தான் இருக்கிறது. ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரம் இருந்தால் கவுண்டருக்கு அதைக் கொடுத்துவிட்டு மறுபடி அளங்கள்.

விலகல் உண்மை என்றால் அது பெரும்பாலும் கிரிஸ்டலின் சுமை. சுமை குறைந்தால் அதிர்வெண் ஏறும், கூடினால் இறங்கும். எஸ்ஐ5351ஏ-வில் உள்சுமையை 6, 8, 10 பைக்கோஃபாரட் என்று ரெஜிஸ்டர் 183-இல் தேர்ந்தெடுக்கலாம். 10 பைக்கோஃபாரட் கிரிஸ்டலுக்கு 6 வைத்திருந்தால் எல்லா வெளியீடுகளும் ஒரே பிபிஎம் அளவில் மேலே நிற்கும். எல்லாம் ஒரே அளவில் விலகினால் கிரிஸ்டல் பக்கம். ஒன்று மட்டும் விலகினால் அந்த வெளியீட்டின் பின்னத்தைச் சரிபாருங்கள்.

அலை வருகிறது, ஆனால் அசிங்கமாக இருக்கிறது

சதுர அலை கேட்டேன், சைன் அலை வருகிறது என்பார்கள். ஸ்கோப்பின் அலைவரிசை அகலம் (பேண்ட்வித்) எவ்வளவு என்று பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையின் சதுரத்தன்மை 300, 500 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இருக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் அதையெல்லாம் வெட்டிவிட்டு அடிப்படை அலையை மட்டும், அதையும் குறைத்து, காட்டும். அதன் சொந்த ஏறு நேரமே 3.5 நானோசெகண்ட். போர்டின் மேல் குற்றமில்லை.

ஒவ்வொரு விளிம்பிலும் மணி அடிப்பது போல அதிர்கிறது என்றால், புரோபில் தொங்கும் நீளமான தரைக் கம்பியைக் கழற்றுங்கள். அந்தக் கம்பியின் இண்டக்டன்ஸும் புரோபின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஒத்ததிர்வுச் சுற்று. புரோபின் முனையோடு வரும் குட்டி ஸ்பிரிங்கைப் போட்டுப் பக்கத்துத் தரையில் அழுத்திப் பாருங்கள். பாதி அதிர்வு அங்கேயே போய்விடும். 10 பைக்கோஃபாரட் என்பது 100 மெகாஹெர்ட்ஸில் சுமார் 160 ஓம் சுமை. 10 மெகாஓம் புரோப்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. முடிந்தால் புரோபே வேண்டாம். எஸ்எம்ஏ கேபிளில் நேராக ஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டுக்குப் போங்கள்.

போனால் வீச்சு பாதியாகிவிட்டது என்பீர்கள். ஆகத்தான் செய்யும். வெளியீட்டின் உள்தடையும் தொடர் ரெசிஸ்டரும் சேர்ந்து 50 ஓம் அளவில் இருந்தால், 50 ஓம் சுமை வீச்சைப் பாதியாகப் பிரிக்கிறது. ஹெச்சிஎஸ்எல்லில் போர்டிலேயே 50 ஓம் பொருத்தியிருந்து ஸ்கோப்பும் 50 ஓம் கொடுத்தால், 0.7 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 0.35 வரும். எங்கே எத்தனை 50 ஓம் இருக்கிறது என்று சர்க்யூட் படத்தில் எண்ணிவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

அலை சுழியத்துக்கு மேலும் கீழும் சமமாக நின்றால் வழியில் கெப்பாசிட்டர் இருக்கிறது என்று பொருள்.

ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் இரண்டு கால்கள் கொண்ட இணை வெளியீடுகளில் ஒரு காலை மட்டும் ஸ்கோப்பில் இணைத்து மறு காலை அப்படியே விட்டுவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. மறு காலுக்கும் அதே 50 ஓம் கொடுங்கள். எல்விடிஎஸ் வகை வெளியீடு என்றால் இரண்டு கால்களுக்கும் நடுவே 100 ஓம். வீச்சு 350 மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும், அது குறையல்ல.

ஜிட்டர் அதிகம்

ஸ்கோப்பில் அளந்தீர்களா, ஃபேஸ் நாய்ஸ் (அதே தடுமாற்றத்தை அதிர்வெண் வாரியாகப் பார்ப்பது) கருவியிலா? சாதாரண ஸ்கோப்பின் சொந்த ஜிட்டரே சில பைக்கோசெகண்ட் இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் கிளாக்கை அதில் அளப்பது தராசில் மூச்சை நிறுப்பது மாதிரி. டேட்டாஷீட்டின் எண்ணோடு ஒப்பிடுவதானால் அதே எல்லைக்குள் அளங்கள். 12 கிலோஹெர்ட்ஸ் முதல் 20 மெகாஹெர்ட்ஸ் வரை என்பது பரவலான வழக்கம்.

ஸ்பெக்ட்ரத்தில் கூரான முட்கள் தெரிந்தால் அவை எங்கிருந்து வருகின்றன என்று பிரிக்க ஒரு எளிய வழி: வெளியீட்டு அதிர்வெண்ணைக் கொஞ்சம் மாற்றுங்கள். மையத்திலிருந்து முள்ளின் தூரம் மாறாமல் நின்றால் அது மின்வழங்கியிலிருந்து வருகிறது. தூரம் அந்த வழங்கியின் சுவிட்சிங் அதிர்வெண்ணாக இருக்கும். லீனியர் மின்வழங்கிக்கு மாறிப் பாருங்கள், யூஎஸ்பியையும் பிடுங்கிப் பாருங்கள். முள் இடம் மாறி ஓடினால் அது பின்ன வகுப்பிலிருந்து வருவது. பிஎல்எல் மடங்கை முழு எண்ணாக வரும்படி திட்டத்தை மாற்றி அமைத்தால் பெரும்பாலும் மறையும்.

முள் இல்லை, இரைச்சலின் அடிமட்டமே உயர்ந்திருக்கிறது என்றால் ஆதாரத்தைப் பாருங்கள். 10 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினால் ஆதாரத்தின் ஃபேஸ் நாய்ஸ் 20 டெசிபெல் ஏறும். அதைச் சிப்பின் கணக்கில் எழுதக் கூடாது. வீச்சுக் குறைந்த சைன் அலையை உள்ளீடாகக் கொடுப்பதும் கெடுக்கும். சுழியத்தை அது மெதுவாகக் கடப்பதால் சிறு இரைச்சலும் விளிம்பை முன்னும் பின்னும் நகர்த்திவிடும்.

இரண்டு வெளியீடுகளும் ஒன்றாக வரவில்லை

இரண்டும் ஒரே பிஎல்எல்லிலிருந்து வருகின்றனவா? இல்லை என்றால் எதிர்பார்க்கவே கூடாது. ஆம் என்றால், கட்ட (ஃபேஸ்) விலகலை எழுதியபின் பிஎல்எல் ரீசெட் கொடுத்தால்தான் அது நடைமுறைக்கு வரும். அதற்காக ஒவ்வொரு அதிர்வெண் மாற்றத்துக்கும் ரீசெட் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அலை அறுந்து சேரும். ரேடியோவில் பயன்படுத்துகிறவர்களுக்கு அது ‘டிக் டிக்’ என்று கேட்கும். இரண்டு கேபிள்களும் ஒரே நீளமா என்பதையும் பாருங்கள்: 20 சென்டிமீட்டர் வித்தியாசம் சுமார் 1 நானோசெகண்ட்.

அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடுகிறது

எஸ்ஐ5351ஏ-வில் நாம் எழுதுவது மின்சாரம் இருக்கும்வரைதான். ஒவ்வொரு முறையும் மைக்ரோகன்ட்ரோலர் மறுபடி எழுத வேண்டும், வடிவமைப்பே அப்படி. நிரந்தர நினைவகம் உள்ள சிப்புகளில் மென்பொருளின் ‘எரி’ பொத்தான் அதைச் செய்யும். அதை அழுத்தும் முன் எத்தனை முறை எரிக்கலாம் என்று டேட்டாஷீட்டில் பாருங்கள். பல சிப்புகளில் ஒருமுறைதான், சிலவற்றில் இரண்டு மூன்று. எரிக்கும்போது எந்த மின்னழுத்தம் வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கும். எரிக்கப்போகும் அதே அமைப்பை முதலில் தற்காலிகமாக ஏற்றி, வெளி மின்வழங்கியில் சில மணி நேரம் ஓடவிட்டு, லாக் கொடியை அழித்துவிட்டுக் கடைசியில் படியுங்கள். சுத்தமாக இருந்தால் எரிக்கலாம்.